மொட்டைப் பனையில் பேய்

நீர்முள்ளி ஏரியின் நடுவில் ஒரு திட்டு. திட்டின் மேல் தலை இல்லாத ஒரு பனைமரம். இடி விழுந்து தலை போன மரம் அது.

ஏரிக்கரைக் கருவேல மரங்களில், பை போன்ற அலகுள்ள கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. பக்கத்து ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. அடுத்தடுத்த மரம்தான். ஆனால் ஒருவர் எழும் நேரம் மற்றவர் படுக்கும் நேரம். அதனால் அவர்கள் முகம் பார்த்துப் பேசியதே இல்லை.

மார்கழி மாத விடியலில் மட்டும் இரு கூட்டமும் பனிமூட்டத்துக்குள் ஒன்றையொன்று கடக்கும். அதற்கு ஏரியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியே போகிறவர்கள் பனையின் வடக்கே போக வேண்டும். கூடு திரும்புகிறவர்கள் தெற்கே வர வேண்டும். பனையை நெருங்கும்போது கூழைக்கடா மூன்று முறை அலகைத் தட்ட வேண்டும். வௌவால் மூன்று முறை கீச்சிட வேண்டும். அப்படியும் யாராவது உரசுவது போல் வந்துவிட்டால், அன்றைக்கே திட்டில் வாழும் ஆட்காட்டிக் குருவியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

ஆனால் சில வருடங்களாக யாரும் சொல்வதில்லை. காரணம் இதுதான். ஒரு நத்தைகுத்தி நாரை, “என் வால் மேல் யாரோ உரசினார்கள்!” என்று ஒருநாள் குருவியிடம் வந்து சொன்னது. அதைக் கேட்ட பெருவாயன் என்ற கூழைக்கடா, “அடே, நடுங்கி! இலை விழுந்தாலும் புகார் சொல்வாயா?” என்று சிரித்தது. அன்று முதல் நாரைக்கு ‘நடுங்கி’ என்பதே பெயராகிவிட்டது.

பெருவாயனுக்கு இரண்டு குஞ்சுகள். பறக்க இன்னும் பத்து நாளாகும். ஓயாமல் பசி. அதன் கூடு தென்கோடியில் இருந்தது. ஒருநாள் விடியலில், ‘வடக்கே சுற்றிப் போவானேன்? தெற்கே போனால் சீக்கிரம் மீன் பிடிக்கலாம்’ என்று அது நினைத்தது. அலகைத் தட்டினால் தெற்கே போவது தெரிந்துவிடும். அதனால் தட்டாமலே போனது.

பனிக்குள் எதுவும் தெரியவில்லை. தண்ணீரும் இல்லை, வானமும் இல்லை. வெள்ளையாக ஒரு மௌனம் மட்டும் இருந்தது. மொட்டைப் பனை கறுப்பாக எதிரே எழுந்தது.

அப்போது அதன் முதுகை ஒட்டி ஏதோ ஒன்று போனது!

சத்தம் இல்லை. முகம் இல்லை. சில்லென்று ஒரு காற்று. ஓர் இறகு பிய்ந்தது. அழுகிய கொய்யா வாசனை ஒன்று வந்து மறைந்தது.

பெருவாயன் மீன் பிடிக்காமலே கூட்டுக்குத் திரும்பியது.

“என்ன ஆயிற்று?” என்று கேட்டது அதன் பெட்டை.

உண்மையைச் சொன்னால் தெற்கே போனதையும் சொல்ல வேண்டும். ‘நடுங்கி’ என்ற பெயரும் வந்து சேரும்.

“பேய்!” என்றது பெருவாயன். “மொட்டைப் பனையில் பேய் இருக்கிறது! அதற்குத் தலையே இல்லை!”

அதே நேரம் ஆலமரத்தில் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி அலறிக்கொண்டிருந்தது. “பேய்! வெள்ளைப் பேய்! அதன் வாய் ஒரு சாக்கு அளவு இருந்தது!”

நண்பகலுக்குள் இரண்டு மரங்களும் கலங்கிவிட்டன. “இந்த ஏரியே வேண்டாம். இன்றே கிளம்புவோம்!” என்றது கூழைக்கடாக்களின் தலைவன்.

“பறக்க முடியாத குஞ்சுகள்?” என்று கேட்டது பெருவாயனின் பெட்டை.

குஞ்சுகள் இரண்டும் கழுத்தை நீட்டி அப்பாவைப் பார்த்தன.

அப்போது ஆட்காட்டிக் குருவி பறந்து வந்தது. “போகிறவர்கள் போகலாம். அதற்கு முன் எல்லோரும் ஒரு தடவை திட்டுக்கு வாருங்கள். வௌவால்களே, நீங்களும்தான்!” என்றது.

மேகம் மூடிய பகல். பனையின் கீழே எல்லோரும் கூடினார்கள். வௌவால்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பனைமரத்தைப் பற்றித் தொங்கின.

“பெருவாயா, உன் பேய்க்கு என்ன வாசனை?” என்று கேட்டது குருவி.

“அழுகிய கொய்யா, அக்கா.”

“வௌவாலே, உன் பேய்க்கு?”

“மீன் வாசனை!”

“நல்லது. ஒரு பேய் கொய்யா தின்கிறது. ஒரு பேய் மீன் தின்கிறது. இரண்டுக்கும் நல்ல பசிதான்!”

யாரோ சிரித்தார்கள். ஆனால் தலைவன் சிரிக்கவில்லை. “எங்கள் ஆட்கள் வடக்கே போவார்கள். வௌவால்கள் தெற்கே வருவார்கள். எப்படி உரசுவார்கள்? அது பேய்தான். கிளம்புங்கள்!”

குருவி பனையடியில் இருந்த முட்புதரை விலக்கியது. உள்ளே எலும்புகள் கிடந்தன. ஒரு கூழைக்கடாவின் நீண்ட அலகு. அதன் மேல் பின்னிக் கிடந்தன, குச்சி போன்ற ஒரு வௌவாலின் இறக்கை எலும்புகள்.



“போன மார்கழியில் விழுந்தவர்கள். அதற்கு முன் நான்கு விடியலில் ‘பேய், பேய்’ என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. நானும் போய்க் கேட்கவில்லை. என்னிடம் ஒருவரும் வந்து சொல்லவும் இல்லை. ஐந்தாம் விடியலில் பனிக்குள் ஒரு சத்தம் மட்டும் கேட்டேன்,” என்றது குருவி.

பெருவாயன் அந்த அலகையே பார்த்தது. பிறகு தன் பெட்டையைப் பார்த்தது.

“நான் தெற்கே போனேன்,” என்றது மெல்ல. “அலகைத் தட்டவில்லை. பேய் இல்லை. நான்தான்.”

பெருவாயன் கண்ணை மூடிக்கொண்டது. இப்போது நாரை சிரிக்கும். எல்லோரும் சிரிப்பார்கள்.

நாரை ஓர் அடி முன்னால் வந்தது. “எவ்வளவு உயரத்தில் போனாய்?” என்று மட்டும் கேட்டது.

“பனையின் பாதி உயரம்.”

“என்னை உரசியதும் அங்கேதான்,” என்றது நாரை.

மேலிருந்து வௌவாலின் குரல் வந்தது. “என் வாயில் கொய்யா இருந்தது, ஐயா. அதனால் நானும் கீச்சிடவில்லை.”

குருவி தலையாட்டியது. “தென்கோடிக் கூட்டுக்காரர்களுக்கு வடக்கு வழி தூரம்தான். அதை முன்பே சொல்லியிருக்கலாமே! நாளை முதல் நீங்கள் தெற்கே போங்கள். ஆனால் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் போக வேண்டும். வௌவால்கள் பனைக்கு மேலே வரட்டும். சத்தம் போடாமல் யாரும் கடக்கக் கூடாது. வாயில் பழம் இருந்தாலும்!”

யாரும் ஏரியை விட்டுப் போகவில்லை.

மறுநாள் விடியலில் பனி இன்னும் அடர்ந்திருந்தது. பெருவாயன் தண்ணீரை ஒட்டிப் பறந்தது. மொட்டைப் பனை கறுப்பாக எழுந்தது. அது அலகைத் தட்டியது. டக், டக், டக்.

வெள்ளைக்குள் நிசப்தம்.

பிறகு வெகு உயரத்தில் கீச், கீச், கீச் என்று ஒரு குரல் கேட்டது. ஒரு நிழல் தலைக்கு மேலே, தொலைவில் கடந்து போனது. கொய்யா வாசனை மட்டும் மெல்ல இறங்கி வந்தது.

நூலிழையில் தப்பியதை வெட்கப்பட்டு மறைப்பவன், அதே ஆபத்தை அடுத்து வருகிறவனுக்கு வைத்துவிட்டுப் போகிறான்.