பார்ட்டி கையெழுத்து

கிட்ட வந்து உட்காருங்க. வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறவர் இன்னும் கொஞ்சம் முன்னால் வாங்க. உங்க சட்டை இந்தக் கதைக்கு வேணும்.

அது வெள்ளைதானே? சரி, இப்போதைக்கு அப்படியே வெச்சுக்குவோம்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே வேலையாட்களை ஏத்தி இறக்குற வேன் ஓட்டினவர் சென்னியப்பன். அதுக்கு முன்னே முப்பத்தொரு வருஷம் கவர்மெண்டு பஸ். வயசு அறுபத்திரண்டு. மனுஷனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. லீவு கிடைச்சால் போதும், கேமராவையும் டெலஸ்கோப்பையும் கட்டிக்கிட்டு ஜவ்வாது மலைக்குப் போயிடுவார், வானத்தைப் படம் பிடிக்க.

நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி மேகம் கிடக்குமாம். நெபுலான்னு பேரு. வெறுங்கண்ணுக்குச் சாம்பல் பூசின மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். கேமரா மணிக்கணக்கா முழிச்சிருந்து பார்த்தால்தான் உள்ளே கலர் இருக்கிறது தெரியும். அந்தக் கலரையும் கம்ப்யூட்டரில் போட்டுத் தேத்தி எடுக்கணும்.

தேத்தினதில்தான் வந்தது வினை.

ஊரில் வானியல் மன்றத்துக் கண்காட்சி. சுவரில் சென்னியப்பனுக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருந்தாங்க. மன்றத்துச் செயலாளர் பேராசிரியர் இளம்பரிதி படத்தை வாங்கிப் பார்த்துட்டு, எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏனுங்க சென்னியப்பன், இது ஆகாசமா? மாரியாத்தா சப்பரத்துக்குக் கட்டின சீரியல் லைட்டா?"

எல்லாரும் சிரிச்சாங்க.

"பொய்க் கலருக்கு இங்க சுவர் இல்லீங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள நெசமா ஒண்ணு கொண்டாங்க. இல்லீன்னா இந்த இடம் வேற ஆளுக்கு."

சப்பரம்னு சொன்னதைக்கூட அவர் பொறுத்துக்கிட்டார். பொய்ங்கிற சொல்தான் முள்ளாத் தைச்சது. முப்பத்தொரு வருஷம் அவர் கண்ணை நம்பி அம்பது பேர் பின்னால் தூங்கிட்டு வந்திருக்காங்க. அந்தக் கண்ணையா பொய்ங்கிறது?

மறுநாள் காலையில் வேனை நிறுத்தினதும் நேரே பட்டறை லேப்புக்குப் போனார்.

லேப்பில் கலர் மாஸ்டர் மரகதவல்லி. வயசு முப்பத்தாறு. துணி கொடுக்கிற வாடிக்கைக்காரரைப் பார்ட்டின்னு சொல்வாங்க அந்தத் தொழிலில். பார்ட்டி ஒரு துணித் துண்டைச் சாம்பிளாக் கொடுத்தால், அதே ஷேடு விழ எந்தச் சாயம் எத்தனைன்னு சொல்றது இந்த அம்மாதான். வயசில் சென்னியப்பன் மூத்தவர். கலருன்னு வந்தால் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற சிஷ்யன்.

"மாஸ்டர், இதோட நெசக் கலர் என்னன்னு நீங்கதான் சொல்லோணும்."

மாஸ்டர் படத்தைப் பார்த்தாங்க. நடுவில் செக்கச் செவேல். சுத்தி மயில் கழுத்து நீலம்.

"நான் அங்க போனதில்லீங்களேண்ணா."

"விளையாடாதீங்க அம்மிணி. நாலு மணிக்குள்ள வேணும்."

மாஸ்டர் டிராயரை இழுத்து, ஏழு வெள்ளைத் துண்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினாங்க.

"இதுல வெள்ளை எது?"

"அத்தனையும் வெள்ளைதானுங்க."

"நல்ல வெள்ளை எது?"

அவர் மூணாவதை எடுத்தார்.

"வலது கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

மூடிக்கிட்டு எடுத்தார். ஆறாவது துண்டு.

எடுத்தவர் அப்படியே நின்னுட்டார். ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார். வலது கண்ணில் புரை எடுத்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. இடது கண்ணில் இன்னும் இருக்கு. படத்தைத் தேத்தினது போன வருஷம், ரெண்டு கண்ணிலும் புரை இருந்தப்போ. எல்லாம் மஞ்சளா, மங்கலாத் தெரியுதேன்னு நீலத்தையும் சிவப்பையும் ஏத்திக்கிட்டே போயிருக்கார்.

(உங்க சட்டையை இப்போ பார்க்காதீங்க. கதையைக் கேளுங்க.)

"ஆபரேஷன்னு நீங்க லீவு போட்ட பத்து நாளும் நாங்க நடந்தே வந்தோம், ஞாபகம் இருக்குது" என்றாங்க மாஸ்டர்.

"அப்ப வலது கண்ணுதான் சரிங்களா மாஸ்டர்? அதை வெச்சே தேத்தீரட்டுமா?"

"என் கண்ணையே இங்க ஆரும் கேக்கறதில்லீங்க. பார்ட்டி சாம்பிளைப் பக்கத்துல வெச்சுத்தான் கேப்பாங்க. உங்க படத்துல சாம்பிள் எங்க?"

"வெறும் மேகந்தானுங்க இருக்குது."

"ஆகாசத்துல நட்சத்திரம் ஒண்ணுகூடவா இல்லை?"

"இருந்துச்சுங்க. எடுத்துட்டேன். அதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. அம்மை போட்ட மூஞ்சியாட்டம் இருந்துச்சுங்க. இப்பப் பாருங்க, வழுவழுன்னு."

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தாங்க. முடியலை.

"சாம்பிளைக் கத்தரிச்சுக் குப்பையில போட்டுட்டு, ஷேடு சேரலைன்னு வாரீங்களே!"

சென்னியப்பன் லேப்டாப்பைத் திறந்தார். நட்சத்திரத்தை எடுக்கிறதுக்கு முந்தின படத்தைத் தேடிப் பிடிச்சார். நட்சத்திரங்கள் பொடிப்பொடியாத் திரும்பி வந்து உட்கார்ந்தன. எல்லாம் வெள்ளைன்னு நினைச்சிருந்தார். ஒண்ணு நீலம், ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு இளமஞ்சள்.

"இதுல எதை வெள்ளைன்னு வெக்கறதுங்க?"

மாஸ்டர் ஒரு துண்டை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனாங்க. வெயிலில் நீட்டிப் பிடிச்சாங்க.

சென்னியப்பன் துண்டைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

"வெயில்ல வெள்ளையாத் தெரியறதைத்தான் ஊரே வெள்ளைங்குது…"

"ம்."

"அப்ப நம்ம சூரியன் வகையறா நட்சத்திரம் ஒண்ணு வேணும்!"

அவருக்குக் கால் தரையில் நிக்கலை. நட்சத்திரப் பட்டியலைத் தேடினார், படத்தின் மூலைமூலையாத் துழாவினார். ஓரத்தில் ஒண்ணு அகப்பட்டது, கடுகளவு. அதை வெள்ளைன்னு வெச்சு, மத்தக் கலரை எல்லாம் அதுக்குத் தகுந்தபடி நகர விட்டார்.

சிவப்பு இறங்கிச்சு. கொய்யாப் பழத்தை விண்டால் உள்ளே ஒரு நிறம் இருக்குமே, அதில் வந்து நின்னது. நடுவில் வெளுப்பு. ஓரத்தில் லேசாச் சாம்பல் நீலம்.

அவர் முகம் வாடிப் போச்சு.

"சப்புன்னு ஆயிடுச்சுங்களே மாஸ்டர்."

"சாப்பிட்டுட்டு வந்து பாருங்க."

சாப்பிட்டார். கை கழுவிட்டு வந்தார். பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில். பழைய படம் கண்ணைக் குத்திச்சு. புதுப் படத்தில், முன்னே பார்க்காத மடிப்பு ஒண்ணு தெரிஞ்சது, புடவைக் கொசுவம் மாதிரி. அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க மாஸ்டர். இதுதான் நெசக் கலருங்களா?"

மாஸ்டர் லேப் அட்டை ஒண்ணை எடுத்தாங்க. ஒவ்வொரு ஷேடுக்கும் கூடவே போகுமே, அந்த அட்டை. எழுத ஆரம்பிச்சாங்க.

பார்ட்டி: ஆகாசம்.

பார்த்த வெளிச்சம்: ஓரத்து நட்சத்திரம், சூரியன் வகையறா.

கீழே, பார்ட்டி கையெழுத்துன்னு ஒரு இடம். அங்கே பேனா நின்னுடுச்சு.

"நீங்களே போட்டுருங்க மாஸ்டர். உங்க கையெழுத்து இருந்தா ஒருத்தனும் பொய்யின்னு சொல்லமாட்டான்."

"நான் லேப்புங்க. நம்ம சாம்பிளைப் பார்த்து ஓகே பண்றது பார்ட்டி. அங்கிருந்து வெளிச்சம் இங்க வர எத்தனை வருஷம்னீங்க?"

"ஆயிரத்து முந்நூறுக்கு மேலங்க."

"நம்ம சாம்பிள் அங்க போய்ச் சேர?"

"அதே கணக்குதானுங்க, வெளிச்சத்தோட வேகத்துல போனா."

"அப்ப இடத்தை விட்டு வையுங்க."

ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, அட்டையைக் கீழே ஒட்டிக்கிட்டு, அவர் மன்றத்து வாசலில் இறங்கினப்போ மணி நாலாகப் பத்து நிமிஷம்.

பேராசிரியர் படத்தை ஜன்னலோரம் கொண்டு போனார். கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"நேத்து இந்த நட்சத்திரமெல்லாம் இல்லையே?"

"வெளிய நின்னுட்டிருந்துச்சுங்க. உள்ள கூப்பிட்டுட்டேன்."

நேத்துச் சிரிச்சவங்களே இன்னிக்கும் சிரிச்சாங்க. அது வேற சிரிப்பு.

"ஆணி எங்கப்பா?" என்றார் பேராசிரியர்.

மாட்டப் போனவர் கண்ணில் அந்த அட்டை பட்டது. படிச்சார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இதென்னங்க, கையெழுத்து இல்லாம விட்டிருக்கீங்க? நெசம்னு நானே போட்டுத் தாரேன்."

நேத்து இந்தக் கையெழுத்துக்குச் சென்னியப்பன் காலில்கூட விழுந்திருப்பார்.

"வேண்டாங்க, சார். சாம்பிள் பார்ட்டிகிட்டப் போயிருக்குது" என்று சொல்லி, அந்தக் காலி இடத்தை உள்ளங்கையால் மூடிக்கிட்டார்.