கட்டை எழுத்தில் ஒரு பெயர்

சுவரொட்டிக்கு எழுத்து வரைவதில் சண்முகவடிவுக்கு நிகராக அந்த ஊரில் ஆள் இல்லை. வயது முப்பதுதான். அவளிடம் பாடம் கேட்க வந்த பேச்சிமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவருக்குப் பிடித்தது ஒரே எழுத்துதான். கட்டை எழுத்து. கோடெல்லாம் ஒரே தடிமன், முனைக்கு முனை செங்கல் வைத்தாற்போல் சதுரப் பாதம். சர்க்கஸ், ஏலம், ஆடித் தள்ளுபடி, ‘நாய் ஜாக்கிரதை’ எல்லாவற்றுக்கும் அதுதான் லாயக்கு. எவ்வளவு வேகமாகப் போனாலும் கண்ணில் படும் என்பார், பஸ் ஓட்டியவர் அல்லவா!

“இதையே பொடிசாப் போட்டா என்ன டீச்சர்?” என்று ஒருமுறை கேட்டார்.

“சுழியெல்லாம் மை அடைச்சுக்கும். இதுக்கு மெதுவாப் பேசத் தெரியாது அண்ணாச்சி.”

அது அவருக்குத் தெரியாதா என்ன? மகள் பொன்செல்வி மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனபோது, உயிரோடு இருந்தவளுக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியவர் அவர். ஏதோ ஓர் அச்சகத்தில் அடித்தது. பெயர் கட்டை எழுத்தில். இடம், பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச்சுவர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த வருஷத்து மழை தாளைக் கரைத்துவிட்டது. அவர் கரையத்தான் வருஷங்கள் ஆயின.

நாளைக் காலை பொன்செல்வி கைக்குழந்தையோடு வருகிறாள். அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேச்சிமுத்து ஒரு சுவரொட்டி செய்துகொண்டு வந்தார். மேலே பெரிதாக ‘பொன்செல்வி’. கீழே ஒல்லி எழுத்தில் ‘வருக வருக’.

சண்முகவடிவு பார்த்தாள். “பேரு மறுபடியும் கட்டை எழுத்தா?”

“ஊரறியத்தானே டீச்சர் அவளைச் செத்தவளாக்குனேன்? ஊரறியத்தானே கூப்பிடணும்?”

நியாயமான கேள்விதான். சண்முகவடிவு தாளையும் பசை வாளியையும் எடுத்துப்போய் அதே எதிர்ச்சுவரில் ஒட்டினாள். ரோட்டைக் கடந்து, பஸ் வந்து நிற்கும் இடத்தில் அவரை நிறுத்தினாள்.

“படிங்க.”

“பொன்செல்வி.”

“கீழே?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “சரியாத் தெரியல.”

“அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.”

அதே சுவர், அதே எழுத்து, அதே பெயர். பேச்சிமுத்து வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து ஓடினார். பசை காயாத தாள் முழுசாக அவர் கையோடு வந்தது.

அதைச் சுருட்டிக்கொண்டு அவளிடம் திரும்பி வந்தார்.

“பெத்தவன் செய்யிற வேலையா டீச்சர் நான் செஞ்சது?”

“இல்ல.”

“இப்போ எந்த எழுத்துல அவளைக் கூப்பிட?”

“எழுத்தே வேண்டாம். நாளைக்கு பஸ் வரும்போது அந்தச் சுவருக்கு முன்னால நீங்க நில்லுங்க. அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.”

பேச்சிமுத்து சுவரைப் பார்த்தார். கையில் ஒட்டிய பசையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“என்னையப் பார்த்துட்டு அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா?”

“அதையும் ஊரு பார்க்கட்டும், அண்ணாச்சி.”