குளிக்கிற நேரம்

சினிமா கொட்டகையில் இரவுக் காட்சி ஓட்டியே பழகிய சிங்காரவேலர் பத்து மணிக்கு முன் எழுந்ததில்லை. வீட்டுக்கு வந்த பராமரிப்பு நிறுவன மேலாளரோ அவர் மகனிடம், "விடிகாலை அஞ்சு மணிக்குக் குளியல், அதுதான் எங்க விதி. ஒத்துக்கலைன்னா முதியோர் இல்லத்துல சேர்த்துடுங்க" என்றார்.

கட்டிலில் கிடந்த கிழவர், "சரிங்க சார். இந்தச் சக்கர நாற்காலியில எப்படி உட்காரணும்னு கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

இவ்வளவு சுலபமாகப் பணிகிறாரே என்று பணிப்பெண் அல்போன்சா குழம்பினாள். மேலாளர் மிடுக்காக உட்கார்ந்து காட்டினார்.

"அல்போன்சா, சாரைக் குளிப்பாட்டும்மா" என்றார் கிழவர்.

யார் பேச்சைக் கேட்பதென்று விளங்காமல் அவள் நாற்காலியைக் குளியலறைப் பக்கம் தள்ளினாள்.

"ஏய், என்னைக் கேட்காம எங்க தள்ளுற?" என்று மேலாளர் கத்தினார்.

"அதைத்தான் சார் நானும் கேட்கிறேன்!" என்றார் கிழவர்.

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குப்பா வெந்நீர் வைக்க?" என்றான்.

"எழுந்ததும் சொல்றேன்."