மீசை மேல சத்தியம்

ஒரு ஊர்ல ஒரு மீசை இருந்துச்சு.

சிரிக்காதடி பூரணி, நெசமாத்தான். மொதல்ல மீசை தெருவுல வரும், அப்புறம்தான் அதுக்குப் பின்னாடி ஆளு வருவான். அவன் பேரு சோணமுத்து. நீ கால ஆட்டாம படு. நாளைக்கே மொத்த வாய்ப்பாட்டையும் ஒப்பிச்சிடுவேன்னு பள்ளிக்கூடத்துல சவால் விட்டுட்டு வந்தியாமே? சரி சரி, மூஞ்சியத் தூக்காத. அத்தை அதைக் கேக்கல. நீ 'ம்' கொட்டு, போதும்.

சோணமுத்து பொண்டாட்டி ஒச்சம்மா. அவங்க வீடு மேட்டுல, தண்ணி பள்ளத்துல. தெனமும் குடத்தை இடுப்புல வச்சிக்கிட்டு சரக் சரக்னு சரளைக்கல்லுல ஏறி வருவா. அப்போ அவ வயித்துல புள்ள வேற. ஒருநா காலு வழுக்கி, தொம்! விழுந்துட்டா. குடம் டணங் டணங்னு பள்ளத்துக்கே உருண்டு போயிடுச்சு. வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, முட்டிதான் பேந்துபோச்சு. பாவம், அன்னைக்கு அவ அழுத அழுகை இருக்கே!

சோணமுத்துக்கு மனசு கேக்கல. என்ன பண்ணணும்? மம்பட்டியத்தானே எடுக்கணும்? அவன் நேரா சாவடிக்குப் போனான். எல்லாரும் பாக்க மீசைய முறுக்கிக்கிட்டு, "பொங்கலுக்குள்ள என் வீட்டு வாசல்ல கிணறு வெட்டித் தண்ணி காட்டுறேன். காட்டலன்னா பாதி மீசைய எடுத்துக்குறேன்டா!"ன்னான். ஊரே விசிலடிச்சுது.

அப்புறம் விடியறதுக்கு முன்னாடி எறங்கினவன், சோறு தண்ணி இல்லாம பொழுது சாயுற வரைக்கும் வெட்டினான். ணங், ணங், ணங்! மறுநா எந்திரிக்கப் பாத்தா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பொங்கல் வரைக்கும் எண்ணெய் தேச்சிக்கிட்டுப் படுத்தே கெடந்தான். பாதி மீசை போச்சு. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கட்டாந்தரை.

அத்தோட விட்டானா? திரும்பவும் சாவடி. "சித்திரைத் திருவிழாவுக்குள்ள முடிக்கல, மிச்ச மீசையும் போகட்டும்!" இந்தத் தடவ நல்ல நாள் பாத்தான். செவ்வா ஆகாதுன்னான், அமாவாசை போகட்டும்னான், போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் கிணத்துக்கதையவே பேசினான். திருவிழாக் கொட்டு டம் டம்னு கேக்குது, குழி மொழங்கால் ஆழத்துலயே நிக்குது. மிச்ச மீசையும் போச்சு.

தூங்கிட்டியா? ம், சொல்லு.

அப்போ அவன் முக்காட்டப் போட்டுக்கிட்டு வீட்டு மூலையில ஒக்காந்துட்டான். கண்ணாடியக்கூட எடுத்து யாருக்கோ குடுத்துட்டான். ஒச்சம்மா முட்டியத் தேச்சிக்கிட்டே வந்து பக்கத்துல ஒக்காந்தா. "மாமா, மீசை போனா மொளைக்கும். என் முட்டி மொளைக்குமா?"ன்னா. அவன் தலையே நிமிரல. "இனிமே ஊருக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. என்கிட்ட சொல்லுங்க. முடியறத மட்டும் சொல்லுங்க"ன்னா.

அவன் முக்காட்ட வெலக்கினான். "காலையில கஞ்சிக்கு முன்னாடி ஒரு கூடை மண்ணு"ன்னான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் புள்ள."

மறுநா ஒரு கூடை வெட்டிக் கொட்டினான், கஞ்சி குடிச்சான். அதுக்கு மறுநாளும் அப்படியே. தெம்பு இருந்தா இன்னொரு கூடை, இல்லன்னா இல்ல. தெருவுல போறவன், "என்னப்பா, கிணறா, எலி வளையா?"ன்னு கேலி பண்ணினான். சோணமுத்துக்கு சுர்ருனு வந்துச்சு. சவால் விட வாயத் தொறந்தான், கை மீசையத் தேடிப் போச்சு. அங்க என்ன இருக்கு? வாய மூடிக்கிட்டு மண்ண அள்ளினான்.

அப்புறம் அடமழை பேஞ்சு வெட்டினதுல பாதி சரிஞ்சுது. ஒக்காந்து அழுதான். அழுதுட்டு ஒரு கூடை அள்ளினான். அப்புறம் குளிர்காய்ச்சல் வந்து கிடுகிடுன்னு நடுங்கிக்கிட்டுக் கெடந்தான், நாலஞ்சு நாள் மம்பட்டியத் தொடவேயில்ல. பழைய சோணமுத்தா இருந்தா, எல்லாம் போச்சுன்னு கவுந்தடிச்சுப் படுத்திருப்பான். இவன் எந்திரிச்ச அன்னைக்கு, போனது போகட்டும்னு ஒரு கூடை அள்ளிட்டுக் கஞ்சி குடிச்சான்.

மண்ணு போயி சரளை வந்துச்சு. வயித்துல இருந்த புள்ள பொறந்து, தவழ்ந்து, தத்தக்கா பித்தக்கான்னு நடக்கவும் ஆரம்பிச்சிருச்சு. ஒருநா காலையில கீழ எறங்கி, ணங்குனு ஒரு போடு போட்டான் பாரு, குபுக்! குபுக் குபுக்னு ஊத்து! காலு நனைஞ்சுது, கணுக்கால் நனைஞ்சுது. ஏணியப் புடிச்சு வெளிய வந்து, தண்ணி தெளியுற வரைக்கும் குந்தியிருந்து எட்டிப் பாத்தான்.

உள்ள ஒருத்தன் இருக்கான்! பெரிய மீசைக்காரன்!

"ஏ ஒச்சு, நம்ம கிணத்துல யாரோ நிக்குறான்!"

ஒச்சம்மா இடுப்புல புள்ளையும் கையில குடமுமா ஓடிவந்து பாத்தா. சிரிப்பா வருது, அழுகையா வருது அவளுக்கு. "அது நீங்கதான் மாமா. மொளைச்சு எம்புட்டு நாளாச்சு!"

அவன் மீசையத் தொட்டுப் பாத்தான். அப்புறம் அதை விட்டுட்டு, அவ கையிலருந்த குடத்த வாங்கி, ஏணியில எறங்கி மொதத் தண்ணிய மொண்டு வந்து அவ முட்டியில ஊத்தினான்.

என்னடி முணுமுணுக்குற? கஞ்சிக்கு முன்னாடி ரெண்டாம் வாய்ப்பாடு மட்டுமா? சரிடி தங்கம், அத்தை கேக்குறேன். கிணத்துல தண்ணி வந்தாச்சு, கண்ணுல தூக்கம் வந்தாச்சு, கதையும் கரையேறியாச்சு. தூங்கு.