தானே சமைத்துச் சாப்பிட்ட செண்பகம்

“ஊற்றாதீர் ஐயா, ஊற்றாதீர்!”

“ஊற்றுவேன். தடுக்க நீர் யார்? நல்ல பசு நெய்...”

“செடிக்கு நெய்யா? முந்தாநாள் பாயசம், நேற்று...”

“நேற்றுப் பொங்கல். முந்திரி போட்டது. உமக்குக் கிடைக்கவில்லை என்று வயிற்றெரிச்சல்!”

“என் வயிறு எரிவது இருக்கட்டும். அதன் வேர் அழுகுகிறது, மோந்து பாரும்!”

முன்னொரு காலத்தில், ஆறு மாதம் வெயிலும் மீதி ஆறு மாதம் அதைவிட வெயிலும் அடிக்கிற ஒரு ராஜ்ஜியத்தில், கொலுமண்டபத்தின் நடுவே நின்று இப்படி இரைந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். நெய்க்கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்திருந்தவர் வைத்தமாநிதி. அரண்மனைச் சமையலுக்கெல்லாம் அதிகாரி, மடைப்பள்ளித் தலைவர். அவர் கையைப் பிடித்து இழுத்தவர் சபை விகடர் கூத்தபிரான். இருவருக்கும் நடுவே ஒரு வெண்கல அண்டாவில், இலையெல்லாம் மஞ்சளடித்து, தண்டு நூல்போல நீண்டு, வாசல் பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றது ஒரு செண்பகக் கன்று.

அது பக்கத்து நாட்டரசர் அனுப்பிய பரிசு. ‘எங்கள் அரண்மனைச் செண்பகம். இரண்டு மாதத்தில் நேரில் வந்து பார்ப்பேன்’ என்று ஓலையும் வைத்திருந்தார். நம் மகாராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“அரசர் தந்த பொருள் அரசரைப்போல வாழட்டும்!” என்றார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். வேற்று அரசர் தந்த பரிசு எதுவானாலும், தந்தவர் வந்து பார்க்கும்வரை அது கொலுமண்டபத்தை விட்டு வெளியேறக் கூடாது. தந்தம் வந்தாலும் அப்படி, கிளி வந்தாலும் அப்படி. ஆகவே செண்பகம் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. தலைக்கு மேல் வெண்கொற்றக் குடை. நாலு பக்கமும் பட்டுத்திரை. மூன்று வேளையும் மடைப்பள்ளிச் சாப்பாடு. ஒரு மாதத்தில் இந்தக் கோலம்.

சத்தம் கேட்டு மகாராஜாவே வந்துவிட்டார்.

“என்ன கூச்சல்? செடி ஏன் இப்படி இருக்கிறது?”

வைத்தமாநிதி முந்திக்கொண்டார். “மகாராஜா, உணவில் குறையில்லை. நெய், பால், பருப்பு எல்லாம் அடியேன் கையாலேயே ஊட்டுகிறேன். தண்ணீர் ஊற்றுகிறாளே தோட்டக்காரி வேங்கம்மாள், அவள் கைதான் ராசியில்லாத கை.”

தூணோரம் நின்ற வேங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ராசா, நான் ஊத்தினது தண்ணி மட்டும்தான். மத்ததெல்லாம் அவுக ஊத்தினது. இருட்டுல வெச்சா செடி வெளுத்துப் போகும்னு வந்த அன்னிக்கே சொன்னேன். கேட்க ஆளில்ல.”

“இருட்டா? பட்டுத்திரையை இருட்டு என்கிறாயா?” மகாராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அரசர் வர இன்னும் முப்பது நாள். அன்று இது பச்சையாக நிற்க வேண்டும். இல்லையென்றால் அன்று மாலைக்குள் நீ எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.”

“கண்ணு தெரியாத மாமியாரையும் மூணு ஆட்டையும் இழுத்துக்கிட்டு நான் எந்த எல்லைக்குப் போவேன் ராசா?”

“நானும் கூட வருகிறேன், ஒரு ஆட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றார் கூத்தபிரான். “செடி பிழைக்காவிட்டால் எனக்கும் அதே தண்டனை, மகாராஜா. ஆனால் இந்த முப்பது நாளும் செடி எங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும்.”

வைத்தமாநிதியின் முகத்தில் விளக்கேற்றியது போலாயிற்று. மகாராஜா சாப்பிட உட்கார்ந்தால் பாயசத்தைப் புகழ வேண்டாமோ? கூத்தபிரான் பேச்சைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாமல் எழுந்து போகிறாரே! அந்த ஆத்திரம் எத்தனை வருஷமாக அவருக்குள் கொதிக்கிறது.

“சரி. செடிக்கு என்ன நோய்?” என்று கேட்டார் மகாராஜா.

“நோயில்லை. பட்டினி.”

“பட்டினியா!” வைத்தமாநிதி குதித்தார்.

“மகாராஜா, போன தையில் ஒரு சாஸ்திரியார் வந்தார். நம் மடைப்பள்ளிச் சோற்றை அவர் தொட்டாரா?”

“தொடவில்லை. அவர் சுயம்பாகி. தன் கையால் சமைத்ததைத் தவிர வேறெதையும் உண்ண மாட்டார். தனி அடுப்பு கொடுத்தோம். அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் யாராவது போனால்கூடச் சமைத்ததைக் கொட்டிவிடுவார்!”

“இந்தச் செண்பகமும் சுயம்பாகி, மகாராஜா. இதன் வம்சத்தில் ஒருவரும் பிறர் சமைத்ததைத் தொட்டதில்லை. அடுப்பு இருக்கிறது. நடுவில்தான் தடையிருக்கிறது. அதை விலக்கத் தங்கள் முத்திரையோடு ஓர் ஓலை தந்தால் போதும்.”

“எழுதிக் கொடுங்கள் மகாராஜா!” என்றார் வைத்தமாநிதி, சிரிப்பை அடக்க முடியாமல். “செடி சமைக்கிற அழகை நானும் பார்க்கிறேன். கரண்டி வேண்டுமானால் நானே தருகிறேன்!”

ஓலை எழுதியாயிற்று. ‘செண்பகத்துக்கும் அதன் அடுப்புக்கும் நடுவே எது நின்றாலும் விலக்கப்படுக. தடுப்பவர் எவராயினும் தண்டனைக்குரியவர்.’ முத்திரையும் விழுந்தது.

மறுநாள் காலை மகாராஜா பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே ‘சடசட’ என்று சத்தம். ஓடிவந்து பார்த்தால், கொலுமண்டபத்துக் கூரைமேல் பத்து ஆட்கள். ஓடு ஓடாகக் கழற்றிக் கீழே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே வேங்கம்மாள் இடுப்பில் கைவைத்து அதட்டுகிறாள்.

“எல்லாத்தையும் ஒரே நாள்ல பிரிச்சிராதீக! இருட்டுலயே கெடந்த இலை, கருகிப்போகும். இன்னிக்குக் கெழக்கால ரெண்டு வரிசை மட்டும்!”

“கூத்தபிரான்!” என்று அலறினார் மகாராஜா. “என் தாத்தா கட்டிய கூரை!”

“தெரியும் மகாராஜா. செடியை வெளியே கொண்டுபோனால் வழக்கத்துக்கு விரோதம். அதனால் செடியை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. அதன் அடுப்பு அதோ...” கூத்தபிரான் விரலை மேலே நீட்டினார். ஓடு போன சந்தில் சூரியன் பளிச்சென்று எட்டிப் பார்த்தான். “நடுவில் நின்றது கூரை. விலக்கச் சொல்லி எழுதியது தாங்கள்.”

“நிறுத்து என்று இப்போது சொல்கிறேன்!”

“ஐயோ, வேண்டாம் மகாராஜா. தடுப்பவர் எவராயினும் தண்டனை என்று எழுதியிருக்கிறது. மகாராஜாவைத் தண்டிக்க யாரிடம் போவது?”

மகாராஜா விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். தன் முத்திரையைத் தானே மீறினால் நாளை வேறு யார் மதிப்பார்?

வேங்கம்மாள் அழுகிய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டாள். குடை போயிற்று, திரை போயிற்று. அப்போது வைத்தமாநிதி வந்து நின்றார். “மகாராஜா, அரச மரியாதையை அடியோடு எடுப்பது நியாயமில்லை. ஒரு கிளையையாவது என்னிடம் விடட்டும். பட்டுச் சுற்றி, விசிறிவிட்டு வளர்க்கிறேன். எது செழிக்கிறதென்று அரசர் வருகிற அன்று பார்ப்போம்!”

“தாராளமாக. கிளைக்கு ஒரு தலையணையும் வையும்” என்றார் கூத்தபிரான்.

நாளுக்கு இரண்டு வரிசையாக ஓடு குறைந்தது. பத்தாவது நாளில் சபை முழுக்க வெயில். அமைச்சர்கள் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு ராஜ்ஜிய பரிபாலனம் பேசினார்கள். வியர்வையில் நனைந்த வைத்தமாநிதி எழுந்தார்.

“மகாராஜா, அடியேன் நாற்பது வருஷமாகச் சமைக்கிறவன். சமையல் என்றால் அரிசி எங்கே? பானை எங்கே? புகை எங்கே? இவர் நம்மையெல்லாம் வெயிலில் வறுக்கிறாரே தவிர, இங்கே வேறு சமையல் நடக்கவில்லை!”

“நல்ல கேள்வி” என்றார் கூத்தபிரான். “இலைதான் பானை. அதற்குள் இருக்கிற பச்சைதான் சமையற்காரர். வேர் தண்ணீர் மொண்டு அனுப்புகிறது. நாம் வெளியே விடுகிற மூச்சு காற்றோடு கலக்கிறதல்லவா, அதை இலை தன் பொடிப்பொடிக் கண்களால் உள்ளே வாங்குகிறது. வெயில் தீ மூட்டுகிறது. தண்ணீரும் அந்தக் காற்றும் சேர்ந்து சர்க்கரையாகிவிடும். அதைச் சாப்பிட்டுத்தான் தண்டு, பூ, காய் எல்லாம். மண்ணிலிருந்து வாங்குவது ஒரு சிட்டிகை உப்பு மட்டும். அடுத்த வீட்டில் நாம் கேட்டு வாங்குகிறோமே, அந்த மாதிரி. வெயில் இல்லாவிட்டால் அந்தப் பச்சைச் சமையற்காரர் வேலையை விட்டுப் போய்விடுவார். மிச்சம் மஞ்சள்தான்.”

“புகை? புகையைக் காட்டும்!”

கூத்தபிரான் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, குளத்துப் பாசியை அதில் போட்டு வெயிலில் வைத்தார். சற்று நேரத்தில் பாசியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பி மேலே வந்தது. கிண்ணத்தை நிழலுக்கு நகர்த்தினார். குமிழி குறைந்து நின்றது. மறுபடி வெயிலில் வைத்தார். மறுபடி முத்துச்சரம்.

“இதுதான் அந்த அடுப்பின் புகை. கண்ணைக் கரிக்காத புகை. மகாராஜா இப்போது மூச்சாக இழுக்கிறீர்களே, அது இந்தப் புகைதான்.”

மகாராஜா திடுக்கிட்டார். “நானா? பாசியின் அடுப்புப் புகையையா?”

“பாசி, புல், முருங்கை, எருக்கு, எல்லோருடையதும்.”

“மாட்டேன்!” என்று மகாராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

சபை மூச்சுவிடாமல் பார்த்தது. மகாராஜாவின் முகம் சிவந்தது, ஊதா நிறமானது, கண் பிதுங்கியது. பிறகு ‘ஹா’ என்று ஒரே இழுப்பாக இழுத்தார்.

“எப்படி இருக்கிறது மகாராஜா?”

“...நன்றாகத்தான் இருக்கிறது” என்றார் மகாராஜா, மூச்சு வாங்க. யாரோ ஓர் அமைச்சர் கனைப்பது போலச் சிரித்துவிட்டார்.

முப்பதாவது நாள். பக்கத்து நாட்டரசரின் பல்லக்கு கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது என்று முரசு கொட்டுகிறது. வேங்கம்மாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமியாரின் சேலைகளை மூட்டைகூடக் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள். மகாராஜா அண்டாவின் அருகே குனிந்தார்.

கன்று முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. இலைகள் எண்ணெய் தடவினாற்போல் பச்சை. ஒரு கிளையில் மட்டும் பட்டுச்சுற்று, கீழே தலையணை.

“அவிழும்” என்றார் மகாராஜா.

வைத்தமாநிதி அவிழ்த்தார். உள்ளே மூன்றே மூன்று இலைகள், வெந்த முட்டைக்கோசு நிறத்தில். தொட்டதும் இரண்டு உதிர்ந்தன.

“வைத்தமாநிதி! அரச மரியாதையில் வளர்ந்த கிளை இதுதானா?”

“விசிறக்கூட விசிறினேனே, மகாராஜா...”

மகாராஜா முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூரையில்லாத மண்டபத்தில் அந்தச் சிரிப்பு ஊருக்கே கேட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். “வைத்தமாநிதி, நீர் நமக்கு மட்டும் சமைத்தால் போதும். இன்றைக்குப் பாயசத்தை நான் வாய்விட்டுப் புகழ்கிறேன், போம்” என்றார். அந்த மனிதருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு மகாராஜா திரும்பினார்.

“வேங்கம்மா, நீ எங்கும் போக வேண்டாம். இன்றுமுதல் இந்தச் சபையில் செண்பகத்துக்கு நீதான் அதிகாரி. உனக்கு என்ன வேண்டும்? தயங்காமல் கேள்.”

வேங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செடியைப் பார்த்தாள், அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள், சிம்மாசனத்தைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் ராசா. பொழுது சாயற நேரத்துல சிம்மாசனத்து முதுகோட நெழல் செடி மேல விழுது. அதை எந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்றீக?”