ஜெயிப்பவருக்கு ஒரு காசுதான்

கடம்பங்கோட்டையை ஆண்ட திருமலைக்கொழுந்து ராஜாவுக்கு எல்லாம் இருந்தது. தோற்கிற மனசு மட்டும் இல்லை. மாலையில் சபை கூடியதும் யாரையாவது வம்புக்கிழுத்து வாதம் செய்வார். தோற்கிற மந்திரிக்கு அன்று அரண்மனையில் விருந்து. அதனால் மந்திரிகள் எல்லோரும் கொழுகொழுவென்று இருந்தார்கள்.

ஜெயித்துத் தொலைக்கிற ஆள் ஒருவர்தான். சபையின் விகடகவி ஆவுடையப்பன். ஒல்லிக்குச்சி. ராஜா எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் நின்று மடக்கிவிடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ராஜா கடைசியில் உத்தரவே போட்டுவிட்டார்.

"ஆவுடையப்பா, இனி நீ ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசலாம். மீறினால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்!"

பாவம், அந்த மனுஷருக்கு வாய்தான் பிழைப்பு, வாய்தான் சந்தோஷம். சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே தங்கி, சாப்பாடு இறங்கவில்லை. ஊமை மாதிரி இருந்துபார்த்தார். இரண்டே நாளில் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது.

அந்தச் சமயத்தில் கிடாமுட்டுத் திருவிழா வந்தது. கிடாக்களை மோதவிட்டு ஊரே பந்தயம் கட்டும். பந்தயம் வாங்கும் கடைக்காரர்கள் இருவர்: தேனப்பன், ஒச்சப்பன். இந்த வருஷம் ஒருவருக்குத்தான் அனுமதி என்றார் ராஜா. அவரே தொடர்ந்தார்:

"தேனப்பனுக்கே கொடுத்துவிடலாம். எவ்வளவு மரியாதை! எவ்வளவு ருசியான பானகம்! அந்த ஒச்சப்பன் சிரித்தே நான் பார்த்ததில்லை."

ஆவுடையப்பன் அன்றைய வாக்கியத்தை எடுத்து வீசினார். "மகாராஜா, நாளைக்கு ஒத்திகை முட்டு நடக்கிறதே, மாறுவேடத்தில் போய் இரண்டு கடையிலும் நீங்களே பந்தயம் கட்டிப் பாருங்கள்."

ராஜாவுக்கு மாறுவேடம் என்றால் உயிர். கிடா என்றால் அதைவிட உயிர். பின்னங்கால் நிற்கிற வாகைப் பார்த்தே எது ஜெயிக்கும் என்று சொல்லிவிடுவார். மறுநாள் ஆட்டு வியாபாரி வேஷத்தில் கிளம்பினார். கூடவே ஆவுடையப்பன்.

"வெயில் எப்படி?" என்று வழியில் சீண்டினார் ராஜா.

ஆவுடையப்பன் வியர்வையைத் துடைத்துக் காட்டினார். வாய் திறக்கவில்லை. அன்றைய வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்.

தேனப்பன் கடையில் பந்தல், சந்தனம், பன்னீர். "வாங்க அண்ணாச்சி, வாங்க! முதல் பந்தயத்துல தோத்தா காசு வாபஸ்!"

ராஜா செவலைக்கிடா மேல் கட்டினார். ஜெயித்தார். தேனப்பன் சிரித்தான். மறுபடி கட்டினார். மறுபடி ஜெயித்தார். தேனப்பன் பாதிதான் சிரித்தான். மூன்றாவது தடவையும் ஜெயித்ததும், ராஜா கையிலிருந்த பானகக் குவளை மெல்லப் பிடுங்கப்பட்டது.

"அண்ணாச்சி, இனிமே உங்ககிட்ட ஒரு காசுக்கு மேல வாங்க மாட்டேன்."

"ஏனப்பா? நான் ஏமாற்றினேனா?"

"ஏமாத்தினா பரவாயில்லையே, பிடிச்சுக் கொடுத்திருப்பேன்! நீங்க விஷயம் தெரிஞ்சில்ல கட்டுறீங்க? நம்ம கடை பொழுதுபோக்குக்கு வர்றவங்களுக்கு." சொல்லிவிட்டு, பக்கத்தில் காளைமாட்டையே தோற்றுவிட்டு அழுதுகொண்டிருந்தவனிடம் திரும்பினான். "மாமா, இன்னொரு குவளை குடிங்க. அடுத்த முட்டு உங்களுக்குத்தான்!"

ராஜாவின் மீசை துடித்தது. நேரே ஒச்சப்பன் கடைக்கு நடந்தார். கடை என்ன கடை, ஒரு கல், ஒரு பலகை, ஒரு கரித்துண்டு.

"தாகமாக இருக்கிறது," என்றார் ராஜா.

"ஆறு அந்தப் பக்கம் ஓடுது," என்றான் ஒச்சப்பன்.

ஆனால் பலகையைப் பார்த்த ராஜாவின் கண் விரிந்தது. தேனப்பன் ஒன்றுக்கு ஒன்றரை தருவதாகச் சொன்ன கறுப்புக்கிடாவுக்கு இங்கே ஒன்றுக்கு இரண்டு! பெரிய பொன்முடிப்பாக எடுத்து வைத்தார். ஒச்சப்பன் இமைக்காமல் வாங்கிக்கொண்டான். வாங்கிய மறுநிமிஷம் பலகையை அழித்து, இனி கறுப்புக்கிடா மேல் கட்டுகிறவர்களுக்குத் தரும் விலையைக் குறைத்து எழுதினான்.

கறுப்பு ஜெயித்தது. ஒச்சப்பன் சுணங்காமல் பணத்தை எண்ணி வைத்தான்.

"அடுத்த முட்டுக்கும் வாங்க. எவ்வளவு வேணும்னாலும் கட்டுங்க."

ராஜாவுக்கு ஆச்சரியம். "ஜெயித்தவன் மேல் உனக்குக் கோபம் இல்லையா?"

"எதுக்குக் கோபம்? எனக்குக் கிடாவைப் பத்தி அரைகுறையாத்தான் தெரியும். உங்களுக்கு முழுசாத் தெரியுது. நீங்க எதுமேல கட்டுறீங்கன்னு பார்த்துத்தான் மத்த எல்லாருக்கும் நான் சரியா விலை வைக்கிறேன். உங்களை விரட்டிட்டா நான் யார்கிட்டப் போய்த் தெரிஞ்சுக்குவேன்?"

ராஜா தலைப்பாகையைக் கழற்றி எறிந்தார். "கூப்பிடு அந்தத் தேனப்பனை!"

தேனப்பன் ஓடி வந்தான். ஒரு காசு என்று தான் சொன்னது யாரிடம் என்று புரிந்ததும் தடாலென்று காலில் விழுந்தான்.

"ஜெயிக்கிறவன் கையைக் கட்டிவிட்டுத் தோற்கிறவனுக்குப் பானகம் ஊற்றுகிறாயா? இதுவும் ஒரு பிழைப்பா? வெட்கமாக இல்லை?" ராஜா கர்ஜித்தார். "இப்படிப்பட்டவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? நீயே சொல், ஆவுடையப்பா!"

ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். காலையிலிருந்து காத்திருந்த கணம்.

"மகாராஜா, அதை நாளைக்குத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் நீங்கள் எனக்கு அளந்து கொடுத்த ஒரு வாக்கியம் இதோடு தீர்ந்துபோயிற்று."

ராஜா காலடியில் கிடந்த தேனப்பனைப் பார்த்தார். தன் கொழுகொழு மந்திரிகள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். முகம் சிவந்தது. பிறகு தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எழுந்திரு, தேனப்பா! உன்னைத் தண்டித்தால் என்னையும் சேர்த்தல்லவா தண்டிக்க வேண்டும்! பந்தயம் ஒச்சப்பனுக்கு. நீ அந்த மாமாவின் மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருவிழாவில் பானகம் மட்டும் விற்றுக்கொள். அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது."

வேஷத்துக்குள் மறைத்திருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். "உத்தரவு ரத்து. இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசு."

அரண்மனைக்குத் திரும்பும் வழியில் ஆவுடையப்பன் பேசத் தொடங்கினார். அடக்கிவைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கோட்டை வாசல் வருவதற்குள், பழைய உத்தரவை ரத்து செய்ய இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாமோ என்று ராஜாவுக்குத் தோன்றிவிட்டது.