பவளக்காய்ச் செடிக்குக் காவல்

நடுக்கடலில் ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவின் காட்டுக்கு உடும்புதான் நாட்டாமை.

அங்கே பவளக்காய்ச் செடி என்று ஒரு குத்துச்செடி உண்டு. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. கோடையில் மற்றதெல்லாம் காய்ந்து போனாலும் அது மட்டும் குன்றிமணி அளவில் சிவக்கச் சிவக்கப் பழுக்கும். ஒரு பெரும் புயலில் கடல் காட்டுக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கில் இருந்த செடிகளில் மூன்றுதான் மிஞ்சின.

உடும்பு உடனே கூட்டம் போட்டது.

"இன்று முதல் இது அழியும் நிலையில் உள்ள செடி! இலையைக் கிள்ளக் கூடாது, பழத்தைத் தொடக் கூடாது. மீறினால் மொட்டை மேட்டுக்குத் துரத்திவிடுவேன்!"

மொட்டை மேடு தீவின் மறுகோடியில் இருந்தது. அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது.

காவல் வேலை நண்டுக்குக் கிடைத்தது. பதவி வந்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் செடிகளைச் சுற்றி வந்து எண்ணும். "ஒன்று, இரண்டு, மூன்று! எல்லாம் பத்திரம், ஐயா!"

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் எண்ணிக்கை இரண்டோடு நின்றுவிட்டது. மூன்றாவது செடி வயதாகிக் காய்ந்து போயிருந்தது.

"காவலை இரண்டு மடங்காக்கு!" என்றது உடும்பு. பாவம், அதற்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

கூடியிருந்தவர்களுக்கு நடுவிலிருந்து ஒரு மைனா முன்னால் வந்தது.

"ஐயா, கீழே பாருங்கள்! இத்தனை பழம் விழுந்து அழுகுகிறது. ஒரு கன்றாவது முளைத்திருக்கிறதா? முன்பெல்லாம் நாங்கள் தின்றுவிட்டுப் பறந்து போய் எச்சமிட்ட இடத்தில்தான் இது முளைக்கும். எங்களைத் தின்ன விடுங்கள்!"

கூட்டமே சிரித்தது.

"தின்பதற்கு நல்ல சாக்கு!" என்று நண்டு கொடுக்கை ஆட்டியது.

மைனா சிரிக்கவில்லை. "ஐயா, ஒரு பழம் தின்றாலும் இருபது தின்றாலும் ஒரே தண்டனைதானே?"

"ஆமாம்! அதிலென்ன சந்தேகம்?"

"சரி."

மறுநாள் காலை, எல்லோரும் பார்க்க, மைனா வந்து செடியில் உட்கார்ந்தது. நண்டு ஏறி வருவதற்குள் இருபது பழத்தை விழுங்கிவிட்டது. நண்டு அதன் வாலிறகில் மூன்றைப் பிடுங்கி எறிந்தது.

"திருடி! ஓடு!" என்று காடே கத்தியது.

மைனா நேராக மொட்டை மேட்டை நோக்கிப் பறந்தது.

மழை வந்து போனது. அடுத்த கோடையில் இன்னொரு செடியும் சாய்ந்தது. "ஒன்று," என்று எண்ணிவிட்டு நண்டு அழுதது. காவலில் ஒரு நாள்கூடக் கண் அயரவில்லையே! மைனா சொன்னது அப்போதுதான் அதன் மனதில் உறைத்தது. மூன்று நாள் நடந்து மொட்டை மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மைனா பாதியாக இளைத்திருந்தது. கொளுத்தும் வெயிலில் இறக்கையை விரித்து நின்றுகொண்டிருந்தது. அந்த நிழலில் விரலளவு பவளக்காய்க் கன்றுகள்!

நண்டு எண்ணத் தொடங்கியது. "ஒன்று, இரண்டு... பத்து, பதினொன்று..." கண்ணீர் மறைத்து எண்ணிக்கை தவறியது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணியது.

"இங்கே வந்தது தெரிந்தால் உன்னையும் துரத்துவார்கள், அண்ணே!" என்றது மைனா.

"துரத்தட்டும்!" என்றது நண்டு. கடைசிச் செடியிலிருந்து தானே பறித்துக் கொடுக்கில் இடுக்கி வந்த பழக்கொத்தை மைனாவின் முன்னால் வைத்தது. "தின்னு, தாயி!"

ஒன்றைக் காப்பாற்ற நினைப்பவர்கள், அது எப்படிப் பிழைக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.